ஐந்தருவிக் குரங்கு

பிணம் விழுவதற்கு இன்னும் நாற்பது நொடி இருக்கும்போதே ஜுஹைனா அலறிவிட்டாள்.

லேப்டாப்பில் டாக்டர் மொரி அப்போதுதான் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரி மூடித்தான் கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த செல்போனில், தோஹாவிலிருந்த கணவன் அஹ்சனின் முகம் திடுக்கிட்டது.

"என்னட்டி, இப்ப எதுக்குக் கத்துன?"

"பல்லி மச்சான்!"

அடுக்களையிலிருந்து மாமியார் ஜாஹிரா பீவி விளக்குமாறோடு ஓடிவந்தார். "பல்லியா? எங்கன?"

ஜுஹைனா கைக்கு வந்த மூலையைக் காட்டினாள். பீரோவை நகர்த்தச் சொன்னார் மாமி. இருவரும் மூச்சைப் பிடித்து நகர்த்திய நேரத்தில்தான் லேப்டாப்பில் அலமாரி திறந்து பிணம் விழுந்தது.

"யம்மாடி! பாத்தியா? பாத்தியாட்டி?" என்று போன் கத்தியது. அலறவேண்டிய சமயத்தில் ஜுஹைனா பீரோவுக்குப் பின்னால் இருந்தாள். அங்கே நிஜமாகவே ஒரு பல்லி இருந்ததுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது 'ஒன்பதாவது படுக்கை' என்கிற ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர். ஒரு தீவு, அதில் ஒரு ஆஸ்பத்திரி. மணி அடித்தால் ஒரு நோயாளி சாவார். மணி அடிப்பது யார் என்று யாருக்கும் தெரியாது. முதலில் அது கம்ப்யூட்டர் கேமாகத்தான் வந்தது. கல்யாணத்துக்கு அஹ்சனுக்குக் கிடைத்தது நாற்பது நாள் லீவு. பகலெல்லாம் சொந்தக்காரர் வீடுகளில் விருந்து. சாயங்காலமானால் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து அந்த கேம். பாதி ஆஸ்பத்திரிதான் தாண்டியிருந்தார்கள், லீவு முடிந்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து அதே கதை அனிமேயாகி, பன்னிரண்டு எபிசோடும் ஒரே நாளில் வெளியானது.

"வெள்ளிக்கு ஒண்ணு. நீ அங்கன, நான் இங்கன, சேந்தே பாப்போம். முந்திப் பாத்தா அது துரோகம், சொல்லிட்டேன்" என்றான் அஹ்சன். அந்தக் கண்டிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

நாலு வாரம் தாங்கினாள். நாலாவது எபிசோடு, நர்ஸ் ஹிசா ஒரு கதவைத் திறந்து "நீயா?" என்று கேட்பதோடு முடிந்தது. யார் அந்த நீ? தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஜுஹைனா, செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, கதவுக்குப் பின்னால் நிற்பது யார் என்பதை மட்டும் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பன்னிரண்டும் முடிந்துவிட்டது. மூன்று நாளும் சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

தெரியாமல் இருந்ததைவிடத் தெரிந்து வைத்திருப்பது பெரிய அவஸ்தையாக இருந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பல்லி பிடித்த மறுநாள், தமிழ் அனிமே ரசிகர்களின் குழு ஒன்றில் 'ஐந்தருவிக் குரங்கு' என்ற பெயரில் சேர்ந்தாள்.

அங்கே பெரிய ரகளை. கேம் விளையாடியவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். கேமில் டாக்டருக்கு ஒற்றைக் கண்தான், இங்கே இரண்டு கண்ணோடு வந்து நிற்கிறாரே, மனசாட்சி இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். கடையத்துக்காரர் ஒருவர் பதினாலு பக்கத்துக்குக் கண்டன அறிக்கை எழுதியிருந்தார். முடிவையாவது மாற்றாமல் விட்டார்களே என்பதுதான் அவர்களுக்கு ஒரே ஆறுதல். அந்த முடிவுதான் புதிதாய்ப் பார்த்தவர்களுக்குப் புரியவில்லை.

ஜுஹைனாவுக்குப் புரிந்திருந்தது. எழுதினாள்: "ஒம்பதாவது படுக்கைல கெடக்கது வேற யாருமில்ல, அந்த நர்ஸேதான். ஆஸ்பத்திரியே அவ கனவு. அவ முழிக்கப் பாக்கும்போதெல்லாம் அங்கன மணியடிக்கி."

சாயங்காலத்துக்குள் மூவாயிரம் இதயங்கள் விழுந்தன. 'குரங்கு அண்ணாச்சி வாழ்க' என்று படம் போட்டார்கள். வாழ்நாளில் அவளை யாரும் இப்படிக் கொண்டாடியதில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும் தன்னால் சிரித்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி, போனில் அஹ்சனின் முகம் கறுத்துக் கிடந்தது.

"எவனோ ஐந்தருவிக் குரங்காம், மொத்தக் கதையையும் போட்டு ஒடச்சிட்டான். முதல் வரியப் பாத்ததுமே நான் போனைக் கட்டில்ல எறிஞ்சிட்டேன். 'கெடக்கது', 'அங்கன'ன்னு எழுதுதான். நம்ம ஊர்க்காரன்தான்ட்டி. நீ கண்டுபிடி."

"நானா?"

"பின்ன? நான் இங்கன இருந்துக்கிட்டு எப்படிக் கண்டுபிடிக்க?"

தன்னைத்தானே துப்பறியும் வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் தடயத்தை அழிக்க நினைத்தாள். அன்றே மெட்ராஸ் பாஷையில் ஒரு பதிவு போட்டாள்: "இன்னா நைனா, எல்லாம் ஷோக்கா கீறீங்களா?" ஐந்து நிமிடத்தில் குழு பதறியது. குரங்கு அண்ணாச்சியின் கணக்கை எவனோ திருடிவிட்டான்! திருடனைக் கண்டித்து நூற்றுப்பத்துப் பேர் எழுதினார்கள்.

பயந்துபோய்க் கணக்கையே அழித்தாள். அது அதைவிட மோசம். குரங்கு படத்துக்கு மாலை போட்டுக் கண்ணீர் அஞ்சலி வெளியிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்தருவியில் நினைவுக் கூட்டம் என்று கடையத்துக்காரர் அறிவித்தார்.

"நல்லதாப் போச்சு. நீயும் போ. எவன் ரொம்ப அழுதான்னு பாரு, அவன்தான் ஆளு" என்றான் அஹ்சன்.

அருவிக்குப் போவதென்றால் ஜாஹிரா பீவி விடுவாரா? கூடவே கிளம்பி, பெண்கள் பகுதியில் குளிக்கப் போய்விட்டார். சாரலில் கறுப்புச் சட்டை போட்ட பதினோரு பேர் நின்றார்கள். குரங்கு படத்தை ஒரு பாறைமேல் வைத்து, மல்லிகை மாலை போட்டு, கடையத்துக்காரர் பேச வாயெடுத்தார். மரத்திலிருந்து ஒரு நிஜக் குரங்கு இறங்கிவந்தது. மாலையை உருவியது. எல்லோர் கண்ணெதிரேயும் ஒவ்வொரு பூவாகப் பிய்த்துத் தின்றது.

"அண்ணாச்சியே வந்துட்டாவ!" என்று ஒருவன் தேம்பினான்.

தேம்பியது பிரின்ஸ். கண்ணாடிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி செல்போன் பழுது பார்ப்பவன்.

அன்று மத்தியானம் அஹ்சன் கேட்டபோது வேறு வழியில்லாமல் அவன் பெயரைச் சொல்லிவிட்டாள். பிரின்ஸ் கண்டிப்பாக மறுப்பான். ஆள் கிடைக்கவில்லை என்று விஷயம் அதோடு ஓயும். அப்படித்தான் கணக்குப் போட்டாள். அஹ்சன் அவன் கடை நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினான்.

பிரின்ஸ் ஒத்துக்கொண்டுவிட்டான்!

"ஆமா, நான்தான் ஐந்தருவிக் குரங்கு" என்று குழுவிலும் அறிவித்தான். மறுநாள் கடையத்திலிருந்து ஆட்கள் வந்து அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு பெண் தன் போன் உறையில் அவனிடம் கையெழுத்து வாங்கிப் போனாள். ஜுஹைனா இதையெல்லாம் கண்ணாடிக் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரி முழுக்க டாக்டரின் கனவு என்று வருகிறவர்களிடமெல்லாம் அவன் தப்புத் தப்பாக விளக்கிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அஹ்சன் சொன்னான்: "பிரின்ஸ் நல்ல பையன்ட்டி. என்ன மூளை அவனுக்கு! எபிசோடு முடிஞ்சதும் அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."

அன்றைக்கு ஜுஹைனா சரியான இடத்தில் அலறினாள். ஆனால் அது நடிப்பில்லை.

அன்று ராத்திரி தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. இந்த மனுஷனிடம் போய்ப் பொய் சொல்லி, தன் மூளையை இன்னொருத்தனுக்குத் தாரை வார்த்து, இதெல்லாம் என்ன பிழைப்பு? சனிக்கிழமை காலை நேராகப் பிரின்ஸ் கடைக்குப் போனாள்.

"டாக்டர் கனவு இல்ல, நர்ஸ் கனவு!"

ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருந்த பிரின்ஸ் நிமிர்ந்தான். "வாங்கக்கா. சத்தம் போடாதிய, ஆளுக நிக்காவ."

"நிக்கட்டும். அத எழுதுனது நான். சால்வை என்னுது. இந்தா, இப்பவே மச்சானுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லப்போறேன். துரோகின்னு சொன்னாலும் சரி, பேசாம இருந்தாலும் சரி. என்னால இனி மறைக்க முடியாது."

விரல் பச்சைப் பொத்தானுக்குப் போயிற்று. பிரின்ஸ் மேசையைத் தாண்டிக் குதித்து அவள் போனைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளிறியிருந்தது.

"வேண்டாம்க்கா! அது நீங்கதான்னு அண்ணனுக்கு முதல் நாளே தெரியும், என்னைய ஒத்துக்கச் சொன்னதே அவங்கதான். நீங்க உண்மையச் சொல்லிட்டா, கல்யாணத்துக்கு முன்னாடியே அந்த கேமை மூணு தடவ முடிச்சத அவங்களும் சொல்லணுமாம்லா!"