மூட்டை ஆட்டம்

என் மனைவியின் வலது கையை மேலே தூக்க வைத்தே தீருவது என்று ஒரு முடிவெடுத்தேன். இதுவரை நான் எடுத்த முடிவுகளையெல்லாம் அவள்தான் எடுத்தாள். இது மட்டும் என் சொந்த முடிவு.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவள் தோள் பிடித்துக்கொண்டது. தினமும் கையை வீசிப் பயிற்சி செய்யாவிட்டால் கை அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் செய்து நான் பார்த்ததே இல்லை. நினைவுபடுத்தினால், "உங்க வேலையைப் பாருங்க" என்பாள். ஓய்வு பெற்றவனுக்கு ஏது வேலை? ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கவலைப்படுவதுதான். அதை விடுப்பே எடுக்காமல் செய்தேன். அந்தக் கை இனி எழும்பாமலே போய்விட்டால்? இத்தனை வருஷத்தில் அந்தக் கையை நான் எத்தனை முறை பிடித்திருப்பேன்?

பயிற்சி என்றால்தானே மறுக்கிறாள்? விளையாட்டு என்றால்? சாய்வாக நிறுத்திய ஒரு பலகை. அதில் ஓர் ஓட்டை. தூரத்தில் நின்று சின்னத் துணி மூட்டைகளை வீசி ஓட்டைக்குள் விழ வைக்க வேண்டும். வீச வீசத் தோள் தானாக அசையும். பயிற்சி என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

பழைய கட்டில் பலகையைப் பின்கட்டுக்கு இழுத்து வந்தேன். சின்னத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்தேன். ரம்பம் நான் வரைந்த கோட்டைத் தவிர எல்லாப் பக்கமும் போனது. வட்டமாகத் தொடங்கியது முட்டையாக முடிந்தது.

மதில் மேல் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனின் தலை முளைத்தது.

"என்ன சார், நாய்க்கு வீடா?"

"எங்க வீட்ல நாய் இல்லையேப்பா."

"அப்போ உங்களுக்கா? அக்கா ஏதாவது சொல்லிட்டாங்களா?"

அவன் 'அக்கா' என்ற என் மனைவி வந்தாள். மூட்டை எறியும் விளையாட்டு என்றேன். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. மூட்டையை நான் தைச்சுத் தரேன். நீங்க ஊசியை எடுத்தா அப்புறம் உங்களைத்தான் தைக்கணும்."

வண்டு விழுந்த பயறை நிரப்பி, கொழுகொழுவென்று எட்டு மூட்டை தைத்தாள்.

"முதல்ல நீ போடு" என்றேன், வெகு சாதாரணமாக.

"எனக்கென்ன தெரியும்? நீங்க ஒண்ணு உள்ளே போட்டுக் காட்டுங்க. அப்புறம் நான் போடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆக, அவள் கை எழும்ப வேண்டுமானால் ஒரே ஒரு மூட்டை உள்ளே போனால் போதும். போகவில்லை. பலகையில் பட்டது, மதிலில் பட்டது, எலக்ட்ரீஷியன் மேலும் பட்டது. ஓட்டைக்குள் மட்டும் போகவில்லை. தினமும் மாலை தவறாமல் எறிந்தேன். அவள் படியில் டீயோடு உட்கார்ந்து நடுவர் வேலை பார்த்தாள்.

"முழங்காலை மடக்கிப் போடுங்க."

"மடக்கினா நிமிர முடியலை."

"நிமிர்ந்துட்டீங்களே. அதோ, மதிலோரம் ஒண்ணு கிடக்கு பாருங்க. குனிஞ்சு எடுங்க."

ஒரு மூட்டையை ஓட்டையில் போடத் தெரியாதவன் இவ்வளவு காலம் ஆபீஸில் என்ன கிழித்தேன்? படுக்கையில் இதை ஆழமாக யோசிக்க நினைப்பேன். அதற்குள் தூங்கிவிடுவேன். இடுப்பு பெல்ட் தொளதொளத்துப்போய், அதில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டி வந்தது. அது மட்டும் சரியாக அமைந்தது.

ஒரு மாலை மூட்டை பறந்து போய்க் கச்சிதமாக ஓட்டையின் மேலேயே இறங்கியது. இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"அமுக்குங்க சார்" என்றது மதில் மேலிருந்த தலை.

இரண்டு கையாலும் அமுக்கினேன். போகவில்லை. அடுத்த மூட்டையை வைத்து அமுக்கினேன். எட்டையும் அமுக்கிப் பார்த்தேன்.

"இதெல்லாம் ஓட்டையைவிடப் பெரிசு" என்றேன்.

"ஆமா" என்றாள், படியிலிருந்து எழுந்து வந்து. "அளந்துதானே தைச்சேன்."

வியர்வை என் கண்ணில் இறங்கியது. அவள் வலது கையை நேராக மேலே நீட்டி, கொடியில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். நான் துண்டைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன்.

"உன் கை…"

"அது எப்பவோ சரியாப் போச்சு. காலையில நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சிடுவேன். நீங்க பார்த்தா பக்கத்துலயே நின்னு பயந்துக்கிட்டிருப்பீங்க."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா? பலகையைத் தூக்கிப் போட்டுட்டு, மறுபடியும் அந்த நாற்காலியில போய் உட்கார்ந்திருப்பீங்க. நீங்க அப்படி ஜன்னலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்ததை என்னால பார்க்க முடியலைங்க."

நான் அவள் கையை எழுப்புவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்; அவள் என்னையே நாற்காலியிலிருந்து எழுப்பியிருக்கிறாள். மதில் மேலிருந்த தலை மரியாதையாகக் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும், மானம் என்று ஒன்று இருக்கிறதே. ரம்பத்தைத் தேடி எடுத்தேன்.

"நாளைக்கே ஓட்டையைப் பெரிசாக்கறேன், பாரு."

"தாராளமா ஆக்குங்க" என்றாள், துண்டை உதறி மறுபடியும் கொடியில் போட்டபடி. "என்கிட்ட துணி நிறைய இருக்கு."