ஓடை தாண்டாத "நம்ம"

ஒரு காட்டில் கத்துவதற்குப் பஞ்சமே இல்லை. யாராவது ஒரு சேதி சொன்னால் போதும், மரத்துக்கு மரம் மைனாக்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காடு முழுக்கப் பரப்பிவிடும். முயலுக்குப் பேன் பிடித்த விஷயம் யானைகளுக்கு எதற்கு? ஆனாலும் அவை கேட்டே தீர வேண்டியிருந்தது. பாவம், காது வேறு பெரிசு.

யானைகள் முறையிட்டதும், காட்டு நிர்வாகம் பார்த்த நரி வேலாயுதம் ஓர் ஏற்பாடு செய்தார். "நம்ம" என்று தொடங்கும் சேதி, காட்டை நடுவே பிரிக்கும் ஓடையோடு நின்றுவிட வேண்டும். "எல்லாருக்கும்" என்று தொடங்குவது மட்டும் மறு கரைக்குப் போகலாம். அக்கரைக்காரர்களும் தங்கள் "நம்ம"வை அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டியது.

ஓடையில் காவலுக்கு ஆள்காட்டிக் குருவி பேச்சியம்மாளைப் போட்டார்கள். ஆளைக் கண்டால் கத்துவதே பிழைப்பாக இருந்தவளை வாயை மூடும் வேலைக்கு வைத்தது நிர்வாகத்தின் சாமர்த்தியம். அவளும் சும்மா சொல்லக்கூடாது, "எல்லாருக்கும்" வந்தால் திருப்பிச் சொல்வாள், "நம்ம" வந்தால் விழுங்கிவிடுவாள். அவளுடைய முட்டைகள் அக்கரை மணலில் கிடந்தன. புருஷன்காரன் அடைகாத்துக்கொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம் மைனா கத்தியது. "நம்ம ஆனைங்க ஓடை தாண்டி மேயப் போகுதுங்க!"

பேச்சியம்மாள் நரியிடம் பறந்தாள்.

"ஐயா, இத மட்டும் அக்கரைக்குச் சொல்லிக்கிடுதேன். எம் முட்டை கெடக்கு."

"சேதி எதுல ஆரம்பிக்குது?"

"'நம்ம'லதான்."

"அப்ப எப்படிம்மா?"

"மொத வார்த்தைய மட்டும் மாத்திக்கிடட்டுமாய்யா?"

"அது சேதிக்குச் சொந்தக்காரங்க உரிமை. ஆனையப் போய்க் கேளு" என்று நரி கொட்டாவி விட்டார்.

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. ஆனாலும் விதியை மீற மனசு வரவில்லை. அலகை இறுக மூடிக்கொண்டு, ஒரு சொல்லும் சிந்தாமல், ஓடையைக் கடந்து அக்கரை மணலில் இறங்கினாள். இறங்கியதும் அந்தப் பக்கத்து ஆளாகிவிட்டாள் அல்லவா?

"நம்ம பக்கம் ஆனை வருது!" என்று புதுசாக ஆரம்பித்தாள்.

அக்கரை மைனாக்கள் சட்டப்படி அதைப் பரப்பின. அங்கிருந்த ஆள்காட்டிகள் மொத்தமும் கிளம்பி வந்து யானைகளின் முகத்துக்கு நேரே கத்தித் தீர்த்துவிட்டன. இந்த இரைச்சல் வேண்டாம் என்றுதானே முறையிட்டோம் என்று யானைகள் அலுத்துக்கொண்டு வேறு வழியாகப் போயின. முட்டைகள் பிழைத்தன.

மறுநாள் விசாரணை. ஓடைக்கரை மைனாக்கள் எல்லாவற்றையும் நரி கேட்டுப் பார்த்தார். ஒரு "நம்ம"கூடத் தாண்டவில்லை. அங்கேயே பேச்சியம்மாளுக்குச் சிறந்த காவலர் விருது அறிவித்துவிட்டார்.

"ஒரு சொல்லக்கூட விடலியாமே, நெசமாவா?"

"அக்கரை போய்ச் சேருற வரைக்கும் வாயே தொறக்கலய்யா" என்றாள் பேச்சியம்மாள். நரிக்குப் பெருமை தாங்கவில்லை.

நீதி: எல்லையில் சொல்லைத்தான் தடுப்பார்கள். எனவே எதையும் சொல்லி அனுப்பாதீர்கள். வயிற்றுக்குள் வைத்து நீங்களே கடத்திக்கொண்டு போங்கள், விருதும் கிடைக்கும்.