கேள்வித்தாள் மேல லினக்ஸ் ஏத்துன கதை

அன்னைக்கு சனிக்கிழமை. எனக்கு ரெண்டே வேலை.

ஒண்ணு, புதுசா வாங்குன மினி லேப்டாப்புல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடணும். இன்னொண்ணு, என் மனைவி வசந்தியோட பென்டிரைவுல இருக்கிற கேள்வித்தாளை பிரிண்ட் எடுத்து, பன்னெண்டு மணிக்குள்ள அவ ஸ்கூல்ல குடுக்கணும்.

ரெண்டையும் ஒரே கமாண்டுல முடிச்சுட்டேன். அதான் பிரச்சனை.

வசந்தி மேற்கு தாம்பரத்துல ஒரு ஸ்கூல்ல ஒன்பதாவதுக்கு சயின்ஸ் டீச்சர். காலாண்டுப் பரீட்சைக்கு அவதான் கேள்வித்தாள் எடுக்கணும். வெளிய டைப் அடிக்கக் குடுத்தா கேள்வி லீக் ஆயிடும்னு, செம்பாக்கத்துல எங்க வீட்டுல உக்காந்து, பத்து நாளா ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அவளே அடிச்சா.

எல்லாம் அவ பென்டிரைவுல. கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி கூட வைக்கல.

"ஏன்?"னு கேட்டேன்.

"நீங்க எதையாவது தட்டி அழிச்சுடுவீங்க."

காலையில கிளம்பும்போது மறுபடியும் சொன்னா. "பென்டிரைவ் கம்ப்யூட்டர்லயே சொருகி இருக்கு. தனசேகர் கடையில கூடவே நின்னு பிரிண்ட் எடுங்க. வேற யார் கண்ணுலயும் படக்கூடாது."

"சரிம்மா."

"அந்த லேப்டாப்பையும் எங்கயாவது கடையில குடுத்தா போட்டுத் தர மாட்டாங்களா?"

நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்ப நெனச்சா இப்பவும் கூச்சமா இருக்கு.

மினி லேப்டாப்புல சிடி போட இடமே கிடையாது. லினக்ஸ ஒரு பென்டிரைவுல ஏத்தி, அதுலேர்ந்து தான் லேப்டாப்ப கிளப்பணும். மவுஸ வெச்சு ரெண்டு கிளிக்ல செய்யவும் வழி இருந்துது. ஆனா அப்ப எனக்கு மவுஸ் தொடுறவங்கள பாத்தாலே பாவமா இருக்கும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அதுதான் கௌரவம்.

இதுக்கு dd-ன்னு ஒரு கமாண்டு. எந்த ஃபைல எங்க எழுதணும்னு சொன்னா போதும். "நெஜமாவா?", "உள்ள இருக்கிறது அழிஞ்சா பரவால்லையா?", இப்படி ஒரு கேள்வியும் கேக்காது. சொன்னத செஞ்சுட்டுப் போயிட்டே இருக்கும்.

யாரோ ஒருத்தர் நெட்டுல எழுதி வெச்சிருந்தத பாத்து அப்படியே அடிச்சேன். அவர் கடைசியில sdb-ன்னு போட்டிருந்தார். நானும் sdb-ன்னு போட்டேன்.

முதல்ல சொருகுன பென்டிரைவுக்கு கம்ப்யூட்டர் sdb-ன்னு பேர் வைக்கும். ரெண்டாவதா சொருகுனதுக்கு sdc. முதல்ல சொருகி இருந்தது வசந்தியோடது. என்னோடது ரெண்டாவது. இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆபீஸ்ல நாலு பேருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்.

என்டர் தட்டுனேன். போய் டீ போட்டுக் குடிச்சேன். திரும்பி வந்து பாத்தா ஒரு எர்ரர் கூட இல்ல. என் முதுகுல நானே தட்டிக்கிட்டு, வசந்தியோட பென்டிரைவ சட்டைப் பையில போட்டுக்கிட்டு, கேம்ப் ரோட்டுல இருக்கிற தனசேகர் அண்ணன் கடைக்குப் போனேன்.

ஜெராக்ஸ், பிரிண்ட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் ஒரே கம்ப்யூட்டர்ல பண்றவர். அங்க ஒரு அம்மா பையனோட காதுகுத்துப் பத்திரிகைக்காக உக்காந்திருந்தாங்க.

பென்டிரைவ சொருகுனார்.

"இன்னா சார், உள்ள ஒண்ணுமே இல்ல. ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. பண்ணிடவா?"

"வேணாம் அண்ணா. ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

எனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அது. தலைவலின்னு யாராவது சொன்னா கூட அதத்தான் சொல்லுவேன்.

ரீஸ்டார்ட் ஆச்சு. கறுப்புத் திரையில எழுத்து மடமடன்னு ஓடுச்சு. அப்புறம் பழுப்பு கலர்ல புதுசா ஒரு திரை வந்து நின்னுது. அவர் வெச்சிருந்த சாமி படம் இல்ல. பத்திரிகை டிசைன் ஃபோல்டர் இல்ல. எதுவுமே இல்ல.

"சார்," தனசேகர் அண்ணன் குரல் இறங்கிடுச்சு. "என் கம்ப்யூட்டர் எங்க சார்?"

"என் பத்திரிகை அதுக்குள்ள தானே இருந்துது?"ன்னு அந்த அம்மா எழுந்து வந்தாங்க.

உண்மைய சொல்லிடுறேன். அந்தத் திரைய பாத்ததும் எனக்கு முதல்ல வந்தது சந்தோஷம். கமாண்டு வேலை செஞ்சிருக்கு, லினக்ஸ் என்ன அழகா கிளம்பி வருது பாருன்னு ரெண்டு செகண்ட் மனசு குளுந்துடுச்சு.

மூணாவது செகண்ட்ல தான் அது யார் பென்டிரைவுன்னு உறைச்சுது.

அதுக்குள்ள அவர் மவுஸ நகத்திக்கிட்டு போய் 'இன்ஸ்டால்'னு இருந்த ஐகான் மேல நிறுத்திட்டார். "இத தட்டுனா வந்துடுமா சார்?"

பாஞ்சு போய் கையப் புடிச்சேன். "அண்ணா, அத மட்டும் தட்டாதீங்க. தட்டி மேல மேல ஓகே குடுத்தா உங்க டிசைன் எல்லாம் மொத்தமா போயிடும்."

ஷாக் அடிச்ச மாதிரி கைய எடுத்துட்டார். கம்ப்யூட்டர நிறுத்தி, பென்டிரைவ புடுங்கி, மறுபடி போட்டோம். சாமி படம் வர்ற வரைக்கும் மூணு பேருமே மூச்சு விடல. வந்ததும் அவர் கன்னத்துல போட்டுக்கிட்டார். நானும் போட்டுக்கிட்டேன்.

அப்புறம் வசந்திக்கு போன் பண்ணேன்.

"பென்டிரைவுல இப்ப லினக்ஸ் இருக்கும்மா."

"கேள்வித்தாள்?"

"அது மேல தான் லினக்ஸ் இருக்கு."

"அப்ப லினக்ஸ எடுத்துட்டா அடியில இருக்கும்ல?"

"அப்படி இல்லம்மா."

அப்புறம் ரொம்ப நிதானமா பேசுனா. அந்த நிதானம் எனக்குப் பழக்கம் தான். "கையால எழுதுன ரஃப் காப்பி ஹேண்ட்பேக்ல இருக்கு. எனக்கு அடுத்த பீரியட் கிளாஸ் இருக்கு, வர முடியாது. ஒவ்வொரு கேள்வியா படிக்கிறேன். தனசேகரை அடிக்கச் சொல்லுங்க."

ஸ்டாஃப் ரூம்ல யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு அவ அங்க கிசுகிசுன்னு படிச்சா. இங்க பக்கத்து வெல்டிங் கடையில அப்பதான் இரும்பு அறுக்க ஆரம்பிச்சாங்க. தனசேகர் அண்ணனுக்குக் கேக்கணுமே. நான் கத்துனேன்.

"தவளையின் இதயம். படம் வரைந்து பாகங்களைக் குறி. அஞ்சு மார்க்."

"தவளைக்கு எந்த ல சார்?"

"ஒளிச்சேர்க்கை என்றால் என்ன? ரெண்டு மார்க். ஒளிக்கு பெரிய ளி!"

பதினோரு கேள்வி முடிஞ்சிருக்கும். அந்த அம்மா என் தோளத் தட்டுனாங்க. கையில பத்திரிகை ப்ரூஃப். அதோட பின்பக்கம் பூரா எழுத்து.

"சார், ஏழாவது கேள்விய மட்டும் இன்னொரு தபா சொல்லுங்க. தவளைக்கு அப்புறம் வந்துதே, அது."

"நீங்க எதுக்கும்மா எழுதுறீங்க?"

"பெரிய பொண்ணு ஒன்பதாவது சார். உங்க வீட்டு டீச்சர் ஸ்கூலு தான்."

அத்தனை இரைச்சல்லயும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் வசந்திக்குத் தெளிவா கேட்டுருக்கு. போன் கட் ஆயிடுச்சு.

ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து புதுசா ஒரு கேள்வித்தாள் எடுத்தா. கையால எழுதுனா. என்னை அந்த ரூம் பக்கமே விடல. திங்கக்கிழமை ஹெச்.எம். கிட்ட குடுத்துட்டு வந்து, சாப்பாடு போடும்போது தான் முகம் குடுத்துப் பேசுனா.

"ஏன் லேட்டுன்னு மேடம் கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"வீட்டு கம்ப்யூட்டர் பக்கம் ஒரு வைரஸ் மேடம், எல்லாத்தையும் அழிச்சுடுச்சுன்னு சொன்னேன். எத்தனை நாளா இருக்குன்னு கேட்டாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து இருக்குன்னு சொல்லிட்டேன்."