பிட்டர் செய்த கிட்டார்

காது சரியாகக் கேட்காமலே கிட்டார் செய்யத் துணிந்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் தெரு பிட்டர்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அருப்புக்கோட்டையில் முப்பது வருடம் விசைத்தறிகளைப் பழுது பார்த்தவர். தறிச் சத்தம் இரண்டு காதையும் தின்றுவிட்டது. பார்த்த பிட்டர் வேலையே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கும். ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவரிடமும் பந்தல்குடிக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். காது மிஷின் வாங்கச் சொன்னால், "எனக்கென்ன கெழடு தட்டிருச்சா?" என்று இன்னும் உரக்கக் கத்துவார்.

ஒரு நாள் திருச்சுழி ஆபீஸிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, புழுதியும் வேர்வையுமாகத் தெருவுக்குள் நுழைந்தேன். பிட்டர் மறித்தார்.

"தம்பி, கிட்டாரு வந்திருக்கு!"

பெட்டியைத் திறந்தால் கிட்டாரைக் காணோம். பலகைகள், வளைத்த பட்டைகள், கம்பிகள், இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம். நாமே ஒட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். போனில் யாரோ செய்வதைப் பார்த்து மயங்கி ஆர்டர் போட்டுவிட்டார்.

"வாசிக்கத் தெரியுமாண்ணே?"

"நெய்யத் தெரிஞ்சுக்கிட்டா தறி மாட்டுனேன்? நீ புஸ்தகத்தப் படி."

அன்றோடு என் சாயங்காலங்கள் போயின. படித்துச் சொல்ல வேண்டும். அதையும் கத்திச் சொல்ல வேண்டும். "பசை காயிற வரைக்கும் தொடக்கூடாதாம்!" என்று நான் அலறினால், எதிர் மாடியில் துணி காயப்போடும் அக்கா, "தொடாதீகண்ணே!" என்று எடுத்துக் கொடுப்பார். ஒரே வாரத்தில் தெருவில் பாதிப் பேர் கிட்டார் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

உள்விளிம்பு ஒட்டும்போது அழுத்திப் பிடிக்க நிறைய கிளிப்புகள் வேண்டும் என்றது புத்தகம். தெருவிலிருந்த துணிக் கிளிப்புகள் அத்தனையும் பிட்டர் வீட்டுக்குப் போயின. மறுநாள் அடித்த காற்றில் என் ஆபீஸ் சட்டை மூன்று வீடு தாண்டிக் கிடந்தது.

"வேலய விட்டு நின்னவுக எல்லாம் சீட்டாடுறாக. இவுகளப் பாருங்க," என்று பிட்டரின் மனைவி என்னிடம் அலுத்துக்கொண்டார். எனக்கும் சீட்டாட்டம் மேல் என்றுதான் பட்டது.

கம்பி கட்டும் நாள் வந்தது. முறுக்கினார், இன்னும் முறுக்கினார். கம்பிகளைத் தாங்கும் கட்டை பிய்த்துக்கொண்டு வந்து என் நெற்றியில் அடித்தது.

"ஒரு நாள் முழுக்கக் காயவிடணும்னு போட்டிருக்குண்ணே!"

"அத நேத்தே சத்தமாப் படிச்சிருக்கணும்ல!"

மறுபடி ஒட்டி, காயவிட்டு, போன் ஆப்பில் சரி என்று பச்சை தெரியும்வரை ஒவ்வொரு கம்பியாகக் கண்ணாலேயே சுருதி சேர்த்தார். பிறகு ஒரு கம்பியை மீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

களைப்பில் கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் நம்பவில்லை. கிட்டாரைத் தூக்கி, விளிம்பில் தாடையை அழுத்திக்கொண்டு திரும்பவும் மீட்டினார். அப்படியே நின்றுவிட்டார். தாடை எலும்பு வழியாக ஏறியிருக்கிறது சத்தம்.

"கேக்குது தம்பி."

அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். கண் கலங்கியிருந்தது. இன்னும் பத்துத் தடவை மீட்டிவிட்டு, "மிச்சத்தையும் கேக்கணும் போல இருக்கு. மதுரைக்குக் கூட வாரியா, மிஷினு வாங்க?" என்றார்.

கல்யாணம், சாவு தவிர எதற்கும் லீவு எடுக்காத நான், லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். மிஷினை மாட்டிக்கொண்டு வீடு திரும்பியதும் கிட்டாரை எடுத்து ஆறு கம்பிகளையும் ஒருசேர மீட்டினார். முகம் சுருங்கிப் போயிற்று.

"அடப்பாவி, இம்புட்டுக் கேவலமாவா இருந்துச்சு? தகர டப்பாவ உருட்டுன மாதிரியில்ல இருக்கு! இதுக்கா வெரலத் தூக்கிக் காட்டுன?"

விடியுமுன் எழுந்த உடம்பு படுக்கைக்குக் கெஞ்சியது. பையை ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பிடிச்சிருக்குண்ணே. இன்னொரு தடவ வாசிங்க."