பானட் அம்மணிக்குக் காரணம் தெரிய வேண்டும்

கார் ஓடாவிட்டால் வருத்தப்படுகிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஓடினால் வருத்தப்படுகிற ஒரே மனுஷி வடவள்ளியில் எங்கள் தெருவில்தான் இருந்தார். தெரு அவருக்கு வைத்த பெயர் பானட் அம்மணி. நேரில் பார்த்தால் எல்லோருக்கும் அக்கா. இப்போது மகனோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டார். அங்கே எந்தத் தெரு என்ன பாடுபடுகிறதோ தெரியவில்லை.

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்தமாகக் காரும் கிடையாது. அவர் கணவர் பம்ப் கம்பெனிக்கு மொபெட்டில் போய்வருகிற சாது. ஆனால் தெருவில் எந்தக் கார் முக்கினாலும் முனகினாலும், அடுப்பை அணைத்துவிட்டு டார்ச் லைட்டோடு அக்கா வந்து நின்றுவிடுவார். "ஏனுங்க, பானட்டைக் கொஞ்சம் தூக்குங்க, என்னன்னு பாத்துப்போடலாம்" என்பார். தூக்காமல் தப்பித்தவர் யாருமில்லை. இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கத்துக்கறதுக்கு என்னங்க இருக்குது? ஏன் ஏன்னு கேட்டுட்டே இருந்தா அதுவே சொல்லிப்போடுமுங்க" என்றார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அக்காவுக்கு வேண்டியது காரணம் மட்டும்தான். அது கிடைத்துவிட்டால் கார் எக்கேடு கெட்டாலும் அவருக்குக் கவலையில்லை.

எதிர்வீட்டில் ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர். அவர் காரில் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. அக்கா ஜன்னல் வழியாக மூக்கை நீட்டினார்.

"பாயசம் கொதிக்கிற மாதிரி இனிப்பா ஒரு வாசம் வருதுங்களா?"

"ஆமாம்மா, வீட்டில் பாயசமே வைக்கவில்லை, ஆனால் வருகிறது" என்றார் தாசில்தார். அவர் பேச்சு ஆபீஸ் பேச்சு.

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து அக்கா உள்ளே டார்ச் அடித்தார். "இதா, ஓஸ் பைப்பு வெடிச்சிருக்குதுங்க. கூலண்ட் ஒழுகிச் சூட்டுல காயுது, அதானுங்க வாசம்." சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

"அம்மா, இப்போது நான் என்ன செய்வது?"

"மெக்கானிக்கைக் கூப்புடுங்க" என்று பதில் சமையலறையிலிருந்து வந்தது. பானட்டைத் தாங்கி நிற்கிற கம்பியை எப்படி மடக்குவது என்று தாசில்தாருக்குத் தெரியவில்லை. மறுநாள் வரை கார் வாயைப் பிளந்தபடியே நின்றது. காக்கா ஒன்று வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மருந்துக்கடைக்காரர் காரில் பின்பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக்குகள் ஷாக் அப்சார்பரை மாற்றினார்கள், புஷ்ஷை மாற்றினார்கள், சத்தம் மட்டும் மாறவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டார் அக்கா, பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டார். பிறகு, "டிக்கியைத் தொறங்க" என்று சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே படுத்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் டிக்கியை மூடினார். மருதமலை ரோட்டில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். போலீஸ் சோதனை நடந்துகொண்டிருந்தது. டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தால் உள்ளே நடுத்தர வயதுப் பெண்மணி, நெற்றியில் குங்குமம், கையில் டார்ச்.

"யாரும்மா நீ? உன்னைக் கடத்திட்டுப் போறாங்களா?" என்றார் போலீஸ்காரர்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார், இப்பத்தான் கிட்ட வந்தேன். மூடிப்போட்டு அனுப்பி உடுங்க."

ஜாக்கி ஒழுங்காக மாட்டப்படாமல் கிடந்து உருண்டதுதான் சத்தத்துக்குக் காரணம். மருந்துக்கடைக்காரருக்கு அதை ஸ்டேஷனில் வைத்துத்தான் அக்கா சொன்னார்.

அக்காவுக்குப் பெரிய எதிரி எங்கள் ஊர் மரியாதை. இஞ்சினே இறங்கிக் கீழே விழுந்தாலும், "பெருசா ஒண்ணுமில்லீங்க, லேசா ஒரு சத்தமுங்க" என்று சொல்கிற ஜனம் நாங்கள். மெக்கானிக் மனம் நோகும் என்று, சரியாகாத வண்டியையும், "அருமையா ஓடுதுங்க" என்று சொல்லி எடுத்துவருவோம். அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "மருவாதியெல்லாம் மனுசங்ககிட்ட வெச்சுக்கங்க. வண்டிக்கு என்னாச்சுன்னு மட்டும் உள்ளதச் சொல்லுங்க."

நான் உள்ளதைச் சொல்லவேண்டி வந்தது என் மச்சினன் கல்யாணத்தில்.

முப்பத்தாறு வயதில் அவனுக்குப் பெண் கிடைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் இன்றைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பெண் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை தாராபுரம் மண்டபத்தில் இணைச்சீர். மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அந்தச் சீர் நடக்கும். அது நடக்காமல் கல்யாணம் ஒரு அடி நகராது. அவனுக்கு இருப்பது ஒரே அக்கா, என் மனைவி சுமதி. பரீட்சை நேரம் என்று அவள் வேலை பார்க்கிற பள்ளியில் லீவு கொடுக்கவில்லை. மதியம் ஓடிவந்து, பட்டுச்சேலை மாற்றி, காரில் ஏறி உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி 'டக்'.

வாடகைக் காருக்குப் போன் போட்டேன். மறுநாள் பெரிய முகூர்த்தம் என்பதால் ஊரில் ஒரு வண்டி காலியில்லை. அதற்குள் டார்ச்சோடு அக்கா வந்து பானட்டைத் தூக்க வைத்துவிட்டார்.

"எப்பருந்துங்க இப்படி? லைட்டு மங்குதுங்களா? காலைல ஸ்டார்ட் ஆச்சுங்களா?"

எனக்கு வந்த எரிச்சலில் பானட்டை ஓங்கி அறைந்து மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கார் உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. சுமதி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கியரில் கை வைப்பதற்குள், ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்து சாவியைத் திருப்பி உருவிக்கொண்டது. இஞ்சின் அடங்கியது.

"ஏன் ஓடுச்சுன்னு தெரியாம எங்கீங்க கெளம்பறீங்க?" என்றார் அக்கா.

வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. சுமதி கீழே இறங்கினாள்.

"சாவியைக் குடு."

'ங்க' இல்லை. பதினாறு வருடக் குடித்தனத்தில் சுமதி வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. பால்காரரிடம்கூட 'தண்ணி கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க' என்று சொல்கிறவள். தாசில்தார் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

அக்கா முகம் சுருங்கிவிட்டது. சாவியைக் கொடுத்தார். நான் திருப்பினேன். 'டக்'.

சுமதி கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் அக்காவைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அவரோ பானட்டைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். "அறைஞ்சு மூடுனதும் ஓடுச்சு. அப்ப எதோ ஒண்ணு ஆடிச் சேந்துக்கிச்சு, மறுக்கா உட்டுப்போச்சு." பேட்டரி மேல் டார்ச் அடித்தார். "தம்பி, இந்த வெள்ளை என்னங்க?"

"அது விபூதிங்க."

"விபூதிங்களா?"

"ஆயுத பூஜைக்குப் பெரியவங்க வெச்சதுங்க."

பெரியவர் என்றால் என் மாமனார். பூஜையன்று காரில் ஒரு இடம் விடாமல் விபூதியும் சந்தனமும் வைப்பவர். மாதங்கள் போயும் பேட்டரி மேல் மட்டும் விபூதி குறையவேயில்லை, கூடிக்கொண்டே வந்தது. அருள் என்று நினைத்து நான் துடைக்கவில்லை. மாமனாரே ஒருநாள் அதில் கிள்ளி நெற்றியில் இட்டுக்கொண்டு, 'சுருக்குன்னு இருக்குதுங்க மாப்ள, சக்தியுள்ளது' என்றார்.

அழுதுகொண்டிருக்கும் அவர் மகள் முன்னால் இதை எப்படிச் சொல்வது? அக்கா முறைத்தார். சொல்லிவிட்டேன்.

"தம்பி, இது விபூதி இல்லீங்க. டெர்மினல்ல உப்புப் பூத்துக் கெடக்குது. கரண்டு எப்படிங்க போகும்?"

காரணம் கிடைத்துவிட்டது. இனி அக்கா வீட்டுக்குப் போய்விடுவார், மெக்கானிக்கைத் தேடி நான் ஓட வேண்டும் என்று நினைத்தேன். போகத்தான் போனார். ஆனால் கொதிக்கிற தண்ணீரும் ஆப்பச் சோடாவும் பழைய பல் பிரஷ்ஷுமாகத் திரும்பி வந்தார். என் கார் ஸ்பேனரை வாங்கி, மைனஸை முதலில் கழற்றி, பிறகு பிளஸ்ஸைக் கழற்றி, சோடாவைத் தூவித் தண்ணீர் விட்டார். நுரை பொங்கியது. தேய்த்தார், துடைத்தார், திரும்ப முறுக்கிக் கட்டினார், மேலே வேசலின் தடவினார். சேலை முந்தானையெல்லாம் கறுப்பாகிவிட்டது. பானட்டையும் அவரே மூடினார். தெருவில் இதற்கு முன் யாரும் பார்க்காத காட்சி அது.

சாவியைத் திருப்பினேன், உடனே ஸ்டார்ட் ஆனது. சுமதி தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, நானு அப்படிப் பேசிப்போட்டேனுங்க..." என்றாள்.

"பேச நேரமில்லீங்க கண்ணு. கெளம்புங்க."

பல்லடத்து நெரிசலையெல்லாம் தாண்டி மண்டபத்தில் நுழைந்தபோது, சீர் நடத்துகிற அருமைக்காரர் வாசலையே பார்த்தபடி நின்றிருந்தார். சுமதி ஓடிப்போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முகத்தில் அப்போதுதான் கல்யாணக் களை வந்தது. மேளம் ஆரம்பித்தது. என் போன் அடித்தது. அக்கா.

வழியில் லைட் மங்கியதா, மறுபடி ஸ்டார்ட் செய்தபோது எப்படி இருந்தது என்று கேட்பார். பதிலை வரிசையாக யோசித்துக்கொண்டே போனை எடுத்தேன்.

"தம்பி, சுமதிக் கண்ணு சீருக்கு உக்காந்தாச்சுங்களா?"

"உக்காந்துட்டா, அக்கா."

"அழுத கண்ணு வீங்காம இருக்குதுங்களா?"

"நல்லாருக்குதுங்க."

"அப்பச் சரிங்க" என்று போனை வைத்துவிட்டார். காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மச்சினனுக்காக மாப்பிள்ளை இப்படி உருகுகிறாரே என்று மாமனார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் மறுக்கவில்லை.