என் லாட்ஜைத் திருடன் என்ற செல்போன்

ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். என்றாலும், என்னை நேருக்கு நேர் திருடன் என்று சொல்லும் தைரியம் தென்காசி வட்டாரத்தில் எவனுக்கும் வந்ததில்லை. ஒரு செல்போனுக்கு வந்தது!

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் மூன்று மாடியோடு நிமிர்ந்து நிற்கிறதே லாட்ஜ், அது நான் கட்டியது. (குளிக்க வந்தவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட காசில் தொடங்கியது. சந்தேகமிருந்தால் என் உள்ளங்கையைப் பாருங்கள்.) அதற்கு வெப்சைட் போட்டுத் தந்தவர் சீசனுக்கு முன்பு கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, உங்க சைட்டுக்குச் சான்றிதழ் முடியப் போவுது. புதுப்பிக்கணும்."

"எதுக்கு?"

"இது உங்க சைட்டுதான்னு காட்ட. அது இருந்தாத்தான் ஆளுக அனுப்புத விவரத்தை நடுவுல எவனும் படிக்க முடியாம பூட்டி அனுப்பலாம்."

"நான் நான்தான்னு குற்றாலத்துல எவன்வே காட்டச் சொல்லுதான்?" என்று போனை வைத்தேன்.

அப்புறம்தான் செங்கோட்டைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். கட்டினால் அந்தப் பையனைத்தான் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அவன் அப்பா சரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்.

"நம்ம லாட்ஜை நீங்களே போன்ல பாருங்க!" என்று மார்தட்டினேன்.

பார்த்தார். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, சொந்தபந்தமெல்லாம் கேட்க வாசித்தார்: இந்தத் தளத்தில் உங்கள் விவரங்களைத் திருட முயற்சி நடக்கலாம், ஜாக்கிரதை.

"ஆரு திருடப் போறது?" என்றார் அவர் மனைவி. என் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

விடுவேனா? காரை விரட்டிக் குற்றாலம் போனேன். வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த உரிமங்களை ஆணியோடு பிடுங்கி வந்து அவர் ஹாலில் பரப்பினேன். (அவசரத்தில் 'அறையில் துணி துவைக்கக் கூடாது' போர்டும் கூடவே வந்துவிட்டது.)

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். போர்டையும்தான்.

"எல்லாஞ் சரி அண்ணாச்சி. நான் புளியரை செக்போஸ்ட்ல நின்னவன். 'என்னைத் தெரியாதா'ன்னுதான் எல்லாவனும் கேப்பான். தெரியும், பேப்பரு எங்க? தேதி முடிஞ்சிருந்தா லாரி ஓரமா நிக்கணும். இந்தப் போனும் அதத்தான் செய்யுது. நீங்க திருடன்னு சொல்லல. நீங்கதானான்னு தெரியல, நடுவுல எவனும் புகுந்திரலாம்ங்குது. புதுப்பிங்க, பொறவு தட்டு மாத்துவோம்."

அத்தனை பேர் நடுவில், நான் விரட்டிய அதே வெப்சைட்காரரைக் கூப்பிட்டு, "ஐயா, இப்பவே புதுப்பிச்சிரும்" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. திரையில் சிவப்பு போன பிறகுதான் வெற்றிலைத் தட்டே வெளியே வந்தது.

கல்யாணம் ஜோராக நடந்தது. அநியாயம்தான் நிற்கவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போனால் வாசலில் கையை நீட்டி மறிக்கிறார். அது போகட்டும். நான் கட்டிய வீட்டில், நான் கதவைத் தட்டினால், உள்ளிருந்து என் மனைவி கேட்கிறாள்: "ஆரு? சான்றிதழ் இருக்கா?"

"புதுப்பிச்சாச்சு, தொற!" என்று சொன்னால்தான் தாழ்ப்பாள் விலகுகிறது. நியாயமா இது?