மொர்வால் விலகியது, மாமா விலகவில்லை

லெ மான்,
திங்கட்கிழமை காலை

மொர்வால் கார் கம்பெனியின் நிர்வாகக் குழுவில் இடம்பிடித்து, நம் வம்சத்திலேயே முதன்முதலாகச் சுழல் நாற்காலியில் அமர்ந்த பெருமைக்குரிய மருமகள் சொலேனுக்கு, உன் தாய்மாமன் ஒனோரே எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் கூடாரமும் சேறு நீங்கலாக நலம். அங்கே நீயும் உன் பூனையும், உன்னைப் பெற்ற என் தங்கையும் அவளுடைய கோபமும் நலம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். மொர்வால் பந்தயத்தில் தொடர்வதா, மூட்டை கட்டுவதா என்று நாளைய கூட்டத்தில் கை தூக்கப் போகிறீர்களாம். உன் கை எந்தப் பக்கம் என்று உனக்கே இன்னும் தெரியவில்லையாம், தங்கை சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. ரியெத் என்னும் பன்றியிறைச்சி மசியலைத் தடிமனாகத் தடவினால் மட்டும் இறங்குகிறது. ஆகவே இந்த இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் உன் கம்பெனிக்காக நான் நடத்திய மாபெரும் யுத்தத்தை நீ அறிந்தே ஆகவேண்டும்.

சனிக்கிழமை கொடி அசைந்து கார்கள் கிளம்பியபோது பூமி அரை அடி கீழே இறங்கியது. சார்த் ஆறு ஒரு கணம் பின்னோக்கி ஓடியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பக்கத்துக் கூடாரத்து அனத்தோல் மட்டும் ஒன்றுமே நடக்காதவன்போல் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான். கசாப்புக்கடைக்காரன், சின்னப் பட்டறைகள் கடன் வாங்கி ஓட்டும் அணிகளுக்குத்தான் அவன் கை தட்டுவான்.

“கம்பெனிக்காரனை நம்பாத ஒனோரே. பந்தய விதி தோதா இருந்தா வருவான், விளம்பரம் முடிஞ்சா போயிடுவான். கடைசிவரைக்கும் நிக்கிறது எங்க பட்டறைக்காரன்தான்.”

“யோவ், உன் வேன்ல இருக்கற பிரேக்கு எங்க பொறந்துச்சு? இந்த ரோட்டுல! மொர்வால்காரன் இங்க வந்து முட்டி மோதலேன்னா நீ இன்னிக்கும் காலை வெளிய நீட்டித்தான் வேனை நிறுத்தணும்!”

“என் வேன்ல பிரேக்கே பிடிக்கலையே.”

“அது மொர்வால் வேன் இல்ல, அதான்!”

“மொர்வால் வேன்தான்யா அது.”

இந்தக் கட்டத்தில் விவாதத்தின் தரம் மிகவும் தாழ்ந்துவிட்டதால், நான் என் ஆப்பிள் மதுவை எடுத்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தேன்.

ஞாயிறு காலை, மழை தூறிக்கொண்டிருந்தது, காபியில் ரொட்டியை நனைத்து வாயருகே கொண்டுபோகிறேன், ஒலிபெருக்கி சொல்கிறது: “மொர்வால் விலகுகிறது.” அவ்வளவுதான், ரொட்டி காபிக்குள் விழுந்தது, எனக்கு உலகமே விழுந்தது, செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்காமல் கழுத்தை அறுத்துவிட்டார்களே என்று மேசைமேல் ஏறி, “எழுந்திருங்கய்யா! இவங்க போயிட்டா அந்த ஜெர்மன் கம்பெனி ஹார்ட்டிங்கர்காரன் ஒருத்தனே ஓடி ஒருத்தனே ஜெயிப்பான்!” என்று நான் போட்ட கூச்சலில் பைன் மரங்கள் இலை உதிர்த்தன. முகாம் முழுவதும் மடக்கு நாற்காலியும் வாணலியுமாகத் திரண்டுவிட்டது. அனத்தோல்கூட இறைச்சி முள்ளோடு வந்துவிட்டான்.

“நீ எதுக்குய்யா வர்ற?”

“கம்பெனியைத் திட்டுறது என் உரிமை. அவன் போயிட்டா நான் யாரைத் திட்டுறது?”

கம்பெனிகள் விருந்தினரை உபசரிக்கும் கூடாரங்கள் வரிசையாக இருக்குமே, அங்கே படையை நடத்திச் சென்றேன். மழையில் என் மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. கொடிகளோ நனைந்து கம்பங்களைச் சுற்றிக்கொண்டிருந்தன. மொர்வாலின் நிறமான நீலத்தில் ஒரு கூடாரத்தைக் கண்டதும் உள்ளே பாய்ந்தேன். ஒரு பெண்மணி தட்டோடு உறைந்து நின்றார்.

“அம்மா, நீங்க விலகவே கூடாது!”

“நாங்க எங்க சார் விலகினோம்? எங்க வண்டி ரெண்டாவதா ஓடிக்கிட்டிருக்கு.”

“அடுத்த வருஷம்?”

“வருவோம். அதுக்கடுத்த வருஷமும் வருவோம். எங்க தலைவரே இருக்கார், கேட்டுக்குங்க.”

தலைவர் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்து, “உங்களை மாதிரி ஆள் இருக்கறவரைக்கும் நாங்க போகமாட்டோம்” என்றார். என் தலையில் தொப்பி வைத்தார். யாரோ படம் எடுத்தார்கள். நான் அழுத அழுகையில் வடிகால் நிரம்பியது.

முகாமுக்குத் திரும்பினால் அனத்தோல் வானொலியைக் கேட்டுவிட்டு விழுந்து புரள்கிறான். “விலகினது கம்பெனி இல்லய்யா, வண்டி! கியர்பெட்டி போச்சாம்.” பாழாய்ப்போன சொல் ஒன்றுதானே நம்மிடம் இருக்கிறது: கார் ஓடாமல் நின்றாலும் விலகல், கம்பெனி நிற்காமல் ஓடிப்போனாலும் விலகல். போகட்டும். கார் செத்துக் கிடக்கும்போதே “ரெண்டாவதா ஓடுது” என்றாளே உங்கள் கூடாரத்துப் பெண், அந்த நெஞ்சுறுதி வேறு யாருக்கு வரும்? உங்கள் தலைவரின் வாக்கு இப்போது என் கையில். நாளை அவர் இழுத்தடித்தால் எழுந்து நின்று, “என் மாமாகிட்ட நீங்க கொடுத்த வாக்கு என்னாச்சு?” என்று கேள். கேட்டுவிட்டுக் கையை உயர்த்து; கூரை இடிக்கும் அளவுக்கு உயர்த்து.

உன் டயர்கள் தேயாமலும், உன் நாற்காலி சுழலாமலும், நீ சொன்ன சொல் நிலைத்தும் நீடூழி வாழ வாழ்த்தும்,

மாமா ஒனோரே

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அனத்தோல் இன்றைய செய்தித்தாளோடு வந்தான், சிரித்துக்கொண்டே அதை என் முன் விரித்தான். முதல் பக்கத்தில் நான். தலையில் தொப்பி. தொப்பியில் ஹார்ட்டிங்கர். நான் புகுந்தது அவர்கள் கூடாரமாம், உங்கள் கூடாரம் அதற்கு அடுத்ததாம். படத்தின் கீழே “ஹார்ட்டிங்கரின் அசையாத ரசிகர்” என்று போட்டிருக்கிறான். ஆகையால் மேலே எழுதிய எதையும் கூட்டத்தில் சொல்லிவிடாதே. இத்துடன் வைத்திருக்கும் செய்தித்தாளை மேசைமேல் விரித்து இதை மட்டும் சொல்: “நாம இன்னும் விலகக்கூட இல்ல, அதுக்குள்ள என் சொந்த மாமாவையே அவன் தூக்கிட்டுப் போயிட்டான்.”